கிரிப்டோவில் ‘அப்ரூவ்’ கொடுப்பது, பவர் எழுதிக் கொடுப்பது மாதிரி! - பட்டனை அழுத்தும் முன் நீங்கள் படிக்க வேண்டியவை

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் நிலம் வாங்கி விற்ற குடும்பங்களுக்கு ‘பவர்’ என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. கிரயப் பத்திரம் எழுதினால் இடம் அன்றைக்கே கைமாறிவிடும். பவர் பத்திரம் எழுதிக் கொடுத்தால், இடம் உங்கள் பெயரிலேயேதான் இருக்கும். ஆனால், பவர் வாங்கியவர் உங்களைக் கேட்காமலே அதை விற்க முடியும். அதனால்தான் யாருக்கு பவர், எந்த சர்வே நம்பருக்கு, எவ்வளவு ஏக்கருக்கு என்று விவரம் தெரிந்த நாலு பேரிடம் காட்டிவிட்டுத்தான், சார்பதிவாளர் அலுவலகத்தில் கைரேகை வைக்கிறோம்.

அதே வீட்டுப் பிள்ளை, போனில் கிரிப்டோ வாலட்டைத் திறந்து ‘அப்ரூவ்’ என்ற பட்டனை அரை நொடியில் அழுத்திவிடுகிறார். அது கிரயமா, பவரா, வெறும் வருகைப் பதிவா என்று பல நேரம் அவருக்கே தெரியாது. திரையில் அது தெளிவாக எழுதப்பட்டிருப்பதும் இல்லை.

கிரிப்டோ வாங்கலாமா, வேண்டாமா என்பது இந்தக் கட்டுரையின் விஷயமல்ல. ஏற்கெனவே வைத்திருப்பவர்களும், ‘சும்மா ஐந்தாயிரம் ரூபாய்க்குப் போட்டுப் பார்ப்போம்’ என்று இருப்பவர்களும், வீட்டில் யாரோ வைத்திருக்கிறார்கள் என்று கவலைப்படும் பெற்றோர்களும் ஒரே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். பாஸ்வேர்டைத் திருடாமலே கிரிப்டோவைக் கொண்டுபோக முடியும். நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் போதும்.

2,000 கோடி ரூபாய் போன கதை

‘படித்தவர்கள் ஏமாற மாட்டார்கள்’ என்று நினைப்பவர்கள் வசீர்எக்ஸ் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்டு, நம் ஊர்க்காரர்கள் பலரும் கணக்கு வைத்திருந்த கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் அது. 2024 ஜூலை 18 அன்று அதன் ஒரு வாலட்டிலிருந்து 23 கோடி டாலருக்கு மேல், அதாவது சுமார் 2,000 கோடி ரூபாய் மதிப்புள்ள காயின்கள் காணாமல் போயின. வாடிக்கையாளர்களுக்காக அந்த நிறுவனம் வைத்திருந்த சொத்தில் ஏறக்குறைய பாதி அது.

அந்த வாலட் ஒன்றும் ஏனோதானோவென்று வைக்கப்பட்டதல்ல. கூட்டுறவு சங்கத்தில் தலைவர், செயலாளர், பொருளாளர் என மூன்று பேர் கையெழுத்துப் போட்டால்தான் செக் பாஸாகும் என்பதுபோல, அதற்கும் பல கையெழுத்துகள் தேவை. மொத்தம் ஆறு பேருக்குக் கையெழுத்து அதிகாரம். ஐந்து பேர் வசீர்எக்ஸ் தரப்பு, ஒருவர் லிமினல் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் தரப்பு. வசீர்எக்ஸ் தரப்பில் மூன்று பேரும், கடைசியாக லிமினலும் ஒப்புதல் தந்தால்தான் பணம் நகரும். வசீர்எக்ஸ் ஆட்கள், இதற்கென்றே செய்யப்பட்ட தனிக் கருவியான ஹார்டுவேர் வாலட்டையும் பயன்படுத்தினார்கள்.

அப்படியும் எப்படிப் போனது? வசீர்எக்ஸ் சொன்ன விளக்கம் இதுதான்: லிமினலின் திரையில் காட்டப்பட்ட விவரம் ஒன்று, உண்மையில் கையெழுத்தான பரிவர்த்தனை இன்னொன்று. பார்த்தவர்களுக்கு வழக்கமான பணப் பரிமாற்றம் மாதிரி தெரிந்தது. அவர்கள் போட்ட கையெழுத்தோ, அந்த வாலட்டின் கட்டுப்பாட்டையே திருடர்களிடம் மாற்றிக் கொடுத்தது. ‘எங்கள் தளத்தில் யாரும் ஊடுருவவில்லை’ என்று லிமினல் மறுத்தது. தவறு யார் பக்கம் என்பதில் இரு நிறுவனங்களும் மோதிக்கொண்டன. 2025 ஜனவரியில் அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா ஆகிய மூன்று நாடுகளும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, இந்தத் திருட்டின் பின்னால் வடகொரியா இருப்பதாகச் சொன்னது.

சாதாரண வாடிக்கையாளருக்கு நடந்தது என்ன? காயினை எடுக்கவும் முடியாது, விற்கவும் முடியாது. சிங்கப்பூர் நீதிமன்றத்தில் மறுசீரமைப்புத் திட்டம் ஒப்புதல் பெற்று, 2025 அக்டோபர் கடைசியில் தளம் மீண்டும் திறக்கும் வரை, ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தார்கள்.

இன்னொரு மிகப்பெரிய திருட்டும் இப்படித்தான்

வசீர்எக்ஸ் விவகாரம் ஓயும் முன்பே, 2025 பிப்ரவரி 21 அன்று துபாயைச் சேர்ந்த பைபிட் எக்ஸ்சேஞ்சில் சுமார் 150 கோடி டாலர் மதிப்புள்ள ஈத்தர் பறிபோனது. நம் பணத்தில் ஏறக்குறைய 13,000 கோடி ரூபாய். அதுவரை வெளியே தெரிந்த கிரிப்டோ திருட்டுகளிலேயே மிகப் பெரியது அதுதான்.

இங்கேயும் பல கையெழுத்து வாலட்தான். இங்கேயும் ஹார்டுவேர் கருவிதான். ‘சேஃப்’ என்ற வாலட் மென்பொருளை உருவாக்கும் நிறுவனத்தின் ஒரு ஊழியருடைய கணினிக்குள் முதலில் புகுந்தார்கள். அதன் மூலம், பைபிட் ஆட்கள் பார்க்கும் திரையை மட்டும் மாற்றினார்கள். ஒரு கணக்கிலிருந்து இன்னொரு சொந்தக் கணக்குக்குப் பணம் மாற்றுவதாகத் திரை சொன்னது. கீழே கையெழுத்தானது வேறு. கடைசிக் கையெழுத்தைப் போட்டவர் நிறுவனத்தின் தலைவர் பென் சோவ். தன் கையிலிருந்த கருவியில் விவரத்தை முழுமையாகச் சரிபார்க்கவில்லை என்று அவரே பிறகு சொன்னார். அந்தச் சின்னக் கருவியின் திரையில் வந்தது, மனிதர்கள் படித்துப் புரிந்துகொள்ளும் வாக்கியம் இல்லை. எழுத்தும் எண்ணுமாகக் கலந்த ஒரு கோவை. ஐந்து நாளில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ, இதற்கும் வடகொரியாவைத்தான் கை காட்டியது.

என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே ஒப்புதல் தருவதற்கு இந்தத் துறையில் ஒரு பெயரே இருக்கிறது. ‘பிளைண்ட் சைனிங்’. கண்ணை மூடிக்கொண்டு போடும் கையெழுத்து. நம் கிராமங்களில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களிடம், இடத்தை எழுதி வாங்க வந்தவரே பத்திரத்தைப் படித்துக் காட்டி, கைரேகை வாங்கிய கதைகளைக் கேட்டிருப்பீர்கள். படித்துக் காட்டியது ஒன்று, எழுதியிருந்தது ஒன்று. வசீர்எக்ஸிலும் பைபிட்டிலும் அதுதான் நடந்தது. கைநாட்டுக்குப் பதில் கம்ப்யூட்டர்.

ஜிபே-யில் இல்லாத ஆபத்து இங்கே ஏன்?

‘தினமும் ஜிபே, போன்பே பயன்படுத்துகிறேனே, இதில் மட்டும் என்ன வித்தியாசம்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

யு.பி.ஐ-யில் பணம் அனுப்பும்போது, ‘பின்’ போடுவதற்கு முன் பெறுபவரின் பெயரும் தொகையும் திரையில் வருகின்றன. அந்தப் பெயர், அவரவர் போனில் சேமித்து வைத்த பெயராக இல்லாமல், வங்கியில் பதிவாகியிருக்கும் பெயராக இருக்க வேண்டும் என்று 2025-ல் தேசியக் கொடுப்பனவுக் கழகமான என்.பி.சி.ஐ உத்தரவிட்டது. ‘பணம் கேட்டு ரிக்வஸ்ட் அனுப்பி ஏமாற்றுகிறார்கள்’ என்ற புகார்கள் பெருகியதால், தனிநபர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பும் ‘கலெக்ட் ரிக்வஸ்ட்’ வசதியையே 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தியது. ஒரு பட்டன் மக்களைக் குழப்புகிறது என்றால், அதைத் திருத்தவோ எடுக்கவோ மேலே ஓர் அமைப்பு இருக்கிறது.

கிரிப்டோ வாலட்டில் பெயர் இல்லை. எத்தீரியம் முகவரி என்பது 42 எழுத்துகளும் எண்களும் கொண்ட சரம். எதிர்முனையில் இருப்பது மனிதரா, நிறுவனமா, ‘ஸ்மார்ட் கான்ட்ராக்ட்’ எனப்படும் தானியங்கி நிரலா என்று முகவரியைப் பார்த்துச் சொல்ல முடியாது. அனுப்பியதைத் திருப்பி வாங்க வங்கி மேலாளர் கிடையாது. ஒப்புதல் பதிவாகிவிட்டால் பதிவானதுதான்.

இன்னொன்றும் முக்கியம். யு.பி.ஐ-யில் நாம் அன்றாடம் செய்வது பெரும்பாலும் ஒரே வேலை: பணம் அனுப்புவது. வாலட்டிலோ ஒரே மாதிரி தோன்றும் பட்டனுக்குப் பின்னால் நான்கு வெவ்வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன.

ஒரே பட்டன், நான்கு அர்த்தங்கள்

1. கனெக்ட்: ஓர் இணையதளத்தோடு வாலட்டை இணைப்பது. வீட்டு வாசலில் நின்று ‘நான்தான்’ என்று சொல்வது மாதிரி. உங்கள் முகவரியும் அதில் உள்ள இருப்பும் அந்தத் தளத்துக்குத் தெரியும். இதை மட்டும் செய்தால் பணம் போகாது.

2. சைன்-இன் கையெழுத்து: இந்த வாலட் உங்களுடையதுதான் என்று நிரூபிக்கப் போடுவது. இதற்குக் கட்டணம் இல்லை. நேர்மையான தளமாக இருந்தால் ஆபத்தும் இல்லை.

3. சென்ட் அல்லது டிரான்ஸ்ஃபர்: நேரடியாக அனுப்புவது. இதுதான் கிரயம். இவ்வளவு, இவருக்கு, இப்போதே.

4. அப்ரூவ்: இதுதான் பவர். ‘என் வாலட்டில் இருக்கும் இந்த டோக்கனை, இவ்வளவு வரை, நீ எடுத்துக்கொள்ளலாம்’ என்று ஒரு கான்ட்ராக்டுக்கு அனுமதி கொடுப்பது. ஒரு காயினை இன்னொரு காயினாக மாற்றும் நேர்மையான தளங்களுக்கும் இந்த அனுமதி தேவை. அதனால் இதை முழுவதுமாகத் தவிர்க்க முடியாது.

அப்ரூவில் இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது, தொகை. ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்க வேண்டாமே என்ற வசதிக்காக, பல தளங்கள் ‘அன்லிமிடெட்’ என்று வரம்பில்லாத அனுமதி கேட்கின்றன. உள்ளே பார்த்தால் அது 78 இலக்கம் கொண்ட ஓர் எண். நீங்கள் மாற்ற நினைத்தது 50 டாலராக இருக்கும். கொடுத்த அனுமதியோ, இன்று இருப்பதற்கும், நாளை வரப்போவதற்கும் சேர்த்து. தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த செக் அது.

இரண்டாவது, ‘பெர்மிட்’. பவர் கொடுப்பதையே கட்டணம் இல்லாத கையெழுத்தாகச் செய்யும் முறை இது. வழக்கமான அப்ரூவுக்கு ‘கேஸ்’ எனப்படும் கட்டணம் பிடிப்பார்கள். ‘ஏதோ பணம் போகிறதே’ என்று ஒரு நொடி யோசிப்போம். பெர்மிட்டில் அந்த யோசனைக்கும் இடமில்லை. மேலே இரண்டாவதாகச் சொன்ன சைன்-இன் கையெழுத்து மாதிரியே இருக்கும். ‘காசு எதுவும் போகாதுங்க, சும்மா ஒரு சைன்தான்’ என்று யாராவது சொன்னால், அங்கேதான் நிதானிக்க வேண்டும்.

என்.எஃப்.டி வைத்திருப்பவர்கள் ‘செட் அப்ரூவல் ஃபார் ஆல்’ என்ற வார்த்தைகளைக் கண்டால் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அந்தத் தொகுப்பில் உங்களிடம் இருக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பவர் அது.

திருப்பூர் தம்பிக்கு என்ன ஆகும்?

எப்படி நடக்கும் என்று புரிந்துகொள்ள ஒரு கற்பனை உதாரணம். திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கும் ஒரு தம்பி. அவர் வாலட்டில் 600 டாலர் மதிப்புள்ள யு.எஸ்.டி.சி இருக்கிறது. டெலிகிராம் குழுவில் ஒரு செய்தி: ‘புது டோக்கன் இலவசம். இன்று இரவு 12 மணி வரை மட்டும்.’ லிங்க்கைத் தட்டுகிறார். தளம் அசலைப் போலவே இருக்கிறது. கனெக்ட் கேட்கிறது, கொடுக்கிறார். ‘உங்கள் டோக்கனைப் பெற சைன் செய்யவும்’ என்கிறது, செய்கிறார். கட்டணம் எதுவும் இல்லை. அந்தக் கையெழுத்து, யு.எஸ்.டி.சி-க்கு வரம்பில்லாத பவர்.

சில நிமிடங்களில் 600 டாலரும் போகலாம். அல்லது எதுவுமே நடக்காமல் இருக்கலாம். இரண்டு வாரம் கழித்து, தீபாவளி போனஸில் வாங்கிய இன்னும் 1,000 டாலர் வந்து சேர்ந்ததும் மொத்தமாகப் போகலாம். அப்போது அவருக்கு அந்த இலவச டோக்கன் நினைவுகூட இருக்காது. ‘என் சீக்ரெட் வார்த்தைகளை யாருக்கும் சொல்லலையே, எப்படிப் போச்சு?’ என்றுதான் குழம்புவார்.

வீட்டில் அப்பாவுக்கு பிளாக்செயின் தெரியாது. ஆனால், அவர் கேட்கும் கேள்விதான் சரியான கேள்வி: “படிச்சுப் பாத்துட்டுத்தான கண்ணு கையெழுத்து வெச்சே?”

“படிச்சேங்ப்பா. அதுல ஒண்ணும் புரியற மாதிரி எழுதலீங்ப்பா.”

பிரச்னை அந்தத் தம்பியிடம் மட்டும் இல்லை. புரியாத பத்திரத்தை நீட்டிய திரையிடமும் இருக்கிறது.

திரை தெளிவாகப் பேச வேண்டும்

இதைச் சரிசெய்யும் வேலைகள் நடந்துகொண்டிருக்கின்றன. ‘பிளைண்ட் சைனிங்’குக்கு எதிர்ச்சொல், ‘கிளியர் சைனிங்’. கையெழுத்துக் கேட்கும் முன், என்ன நடக்கப்போகிறது என்பதை மனிதர் படிக்கும் வாக்கியமாக வாலட்டே சொல்ல வேண்டும் என்பது இதன் அடிப்படை.

பழைய முறையில், பொருள் தெரியாத ஒரு நீண்ட எழுத்து எண் கோவை வரும். கிளியர் சைனிங்கில் இப்படி வரும்: ‘அனுமதி: யு.எஸ்.டி.சி. தொகை: வரம்பில்லை. யாருக்கு: அறிமுகமில்லாத கான்ட்ராக்ட். காலக்கெடு: இல்லை.’ திருப்பூர் தம்பியின் திரையில் இந்த நான்கு வரி வந்திருந்தால், அவர் பட்டனை அழுத்தியிருப்பாரா?

ஹார்டுவேர் வாலட் தயாரிக்கும் லெட்ஜர் நிறுவனம், இதற்கான பொதுவான ஒரு வடிவத்தை 2024-ல் முன்வைத்தது. இ.ஆர்.சி 7730 என்று பெயர். ஒவ்வொரு கான்ட்ராக்டை எழுதுபவரும், ‘என் நிரலின் இந்தக் கட்டளைக்கு இதுதான் அர்த்தம், இதை இப்படிக் காட்டுங்கள்’ என்று ஒரு விளக்கக் கோப்பைத் தர வேண்டும். அதைப் படித்து வாலட்டுகள் திரையில் காட்டும். 2025-ல் எத்தீரியம் அறக்கட்டளை தொடங்கிய ‘ட்ரில்லியன் டாலர் செக்யூரிட்டி’ திட்டமும், தீர்க்க வேண்டிய பிரச்னைகளின் பட்டியலில் பிளைண்ட் சைனிங்கையும் சேர்த்திருக்கிறது.

இரண்டாவது வழி, ஒத்திகை. மெட்டாமாஸ்க், ரேபி போன்ற வாலட்டுகள், நீங்கள் ஒப்புதல் தரும் முன்பே அந்தப் பரிவர்த்தனையை ஒரு நகலில் ஓட்டிப் பார்க்கின்றன. ‘இதை அனுமதித்தால் உங்களிடமிருந்து 600 யு.எஸ்.டி.சி போகும், பதிலுக்கு எதுவும் வராது’ என்று காட்டும். ‘சிமுலேஷன்’ என்பது இதன் பெயர். ஆனால், இதை முழுக் கவசமாக நினைக்க வேண்டாம். ஒத்திகை பார்த்த நேரத்துக்கும் கையெழுத்துப் போட்ட நேரத்துக்கும் நடுவில், கான்ட்ராக்டின் நிலையை மாற்றி ஏமாற்றிய சம்பவங்களும் நடந்திருக்கின்றன. எச்சரிக்கை வந்தால் நம்பி நிறுத்துங்கள். எச்சரிக்கை வரவில்லை என்பதற்காக மட்டும் நம்பி அழுத்திவிடாதீர்கள்.

இங்கே பத்திரக் கதையை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். இணையதளம் ‘இது இலவச டோக்கன்’ என்று சொல்வது, எழுதி வாங்க வந்தவரே படித்துக் காட்டுவது. வாலட் தானாகப் படித்துச் சொல்வது, நம் ஆள் ஒருவர் படித்துச் சொல்வது. தனிக் கருவியின் திரையில் சரிபார்ப்பது, இன்னொருவரிடமும் காட்டிக் கேட்பது. பைபிட்டில் ஏமாற்றப்பட்டது முதல் திரை. தனிக் கருவியும் தெளிவாகப் பேசியிருந்தால், இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று தெரிந்திருக்கும்.

அந்தப் பேச்சு தமிழிலும் இருக்க வேண்டும். யு.பி.ஐ செயலிகளைத் தமிழில் பயன்படுத்தும் அம்மாக்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். ‘அலவன்ஸ்’, ‘ஸ்பெண்டர்’ என்று எழுதியிருப்பதை ஆங்கிலம் தெரிந்த பட்டதாரியே புரிந்துகொள்ளத் திணறும்போது, தெளிவு ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் பாதித் தெளிவுதான். வாலட் தயாரிப்பவர்களிடம் இதைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கோவையில் இதற்கான மென்பொருள் எழுதத் தெரிந்த பிள்ளைகளுக்கும் பஞ்சமில்லை.

முதல் நாலு, கடைசி நாலு போதாது

அப்ரூவ் இல்லாமல், நேராக அனுப்பும்போதும் ஒரு பொறி உண்டு. 42 எழுத்தையும் யாரும் படிப்பதில்லை. முன்னால் நாலு, பின்னால் நாலு பார்த்துவிட்டு அனுப்பிவிடுவோம். மோசடிக்காரர்களுக்கு இது தெரியும். நீங்கள் அடிக்கடி பணம் அனுப்பும் முகவரியைப் போலவே முன்னும் பின்னும் பொருந்தும் ஒரு முகவரியை உருவாக்கி, அதிலிருந்து உங்களுக்கு மிகச் சிறிய தொகையையோ, பூஜ்ஜியத்தையோ அனுப்புவார்கள். அது உங்கள் வரலாற்றுப் பட்டியலில் போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த முறை நீங்கள் பட்டியலிலிருந்து காப்பி செய்யும்போது, தவறான முகவரியை எடுத்துவிடுவீர்கள். ‘அட்ரஸ் பாய்சனிங்’ என்பது இதன் பெயர்.

2024 மே மாதம் ஒருவர் இப்படி அனுப்பியது 1,155 பிட்காயினுக்கு இணையான டோக்கன். மதிப்பு, கிட்டத்தட்ட 7 கோடி டாலர். அவருக்கு அதிர்ஷ்டம், பேச்சுவார்த்தைக்குப் பிறகு பெரும்பகுதி திரும்ப வந்தது. எல்லோருக்கும் அப்படி வராது. அடிக்கடி அனுப்பும் முகவரிகளை வாலட்டின் முகவரிப் புத்தகத்தில் பெயர் போட்டுச் சேமியுங்கள். புது முகவரியென்றால் முழுவதும் ஒப்பிடுங்கள், முதலில் சிறு தொகை அனுப்பிப் பாருங்கள்.

அழுத்தும் முன் ஐந்து கேள்விகள்

இதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

1. இந்த இடத்துக்கு நான் எப்படி வந்தேன்? டெலிகிராம், வாட்ஸ்அப், விளம்பரம், தேடலில் மேலே வந்த ஸ்பான்சர்டு லிங்க் என்றால் வெளியே வந்துவிடுங்கள். தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள்.

2. கிரயமா, பவரா? சென்ட், அப்ரூவ், பெர்மிட் இதில் எது என்று பாருங்கள். நீங்கள் செய்ய வந்த வேலைக்கும் அதற்கும் பொருத்தம் இருக்கிறதா? இலவசமாக ஒன்றைப் பெற, உங்கள் டோக்கனுக்கு எதற்குப் பவர்?

3. யாருக்கு? ‘ஸ்பெண்டர்’ என்ற இடத்தில் இருப்பவர்தான் பவர் வாங்குபவர். பெயர் தெரியவில்லை, வாலட் ‘அன்நோன்’ என்கிறது என்றால் ரிஜெக்ட்.

4. எவ்வளவு, எது வரை? ‘அன்லிமிடெட்’ என்று இருந்தால், எடிட் செய்து தேவையான தொகையை மட்டும் போடுங்கள். பெரும்பாலான வாலட்டுகளில் இந்த வசதி உண்டு.

5. புரிகிறதா? புரியவில்லை என்றால் அதுவே ரிஜெக்ட் பட்டனை அழுத்தப் போதுமான காரணம். ‘இன்னும் பத்து நிமிடத்தில் முடியப்போகிறது’ என்று அவசரப்படுத்தினால், அது இரண்டாவது காரணம்.

கூடவே ஒரு பழக்கம். சேமிப்பை ஒரு வாலட்டிலும், தளங்களோடு இணைக்கும் சில்லறையை வேறொரு வாலட்டிலும் வையுங்கள். சந்தைக்குப் போகும்போது பீரோ சாவியையும் எடுத்துக்கொண்டு போவதில்லையே.

அழுத்திவிட்டேன், இப்போது என்ன செய்வது?

* பவரை ரத்து செய்யுங்கள். ஈத்தர்ஸ்கேனின் ‘டோக்கன் அப்ரூவல் செக்கர்’, ‘ரிவோக் டாட் கேஷ்’ போன்ற தளங்களில், யார் யாருக்கு இதுவரை அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்ற பட்டியல் வரும். வேண்டாததை ரத்து செய்யலாம். சிறு கட்டணம் ஆகும். இந்தப் பெயரிலும் போலித் தளங்கள் உண்டு என்பதால் முகவரியைக் கவனியுங்கள். ஏற்கெனவே போன பணம் இதனால் திரும்பாது, இனி போவது நிற்கும்.
* மீதியை நகர்த்துங்கள். பெர்மிட் கையெழுத்து, பயன்படுத்தப்படும் வரை பட்டியலில் தெரியாமல் இருக்கும். சந்தேகம் இருந்தால், மீதமுள்ளதைப் புது வாலட்டுக்கு மாற்றுவதே பாதுகாப்பு. 12 அல்லது 24 சீக்ரெட் வார்த்தைகளையே எங்காவது கொடுத்துவிட்டீர்கள் என்றால், ரத்து செய்வதால் பயனில்லை. புது வாலட் ஒன்றே வழி.
* 1930-ஐ அழையுங்கள். தேசிய சைபர் குற்ற உதவி எண் அது. ‘சைபர்கிரைம் டாட் ஜி.ஓ.வி டாட் இன்’ தளத்திலும் புகார் பதியலாம். பரிவர்த்தனை எண், முகவரிகள், தளத்தின் ஸ்க்ரீன்ஷாட் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். திருடிய பணம் ஏதாவது எக்ஸ்சேஞ்சுக்குள் போனால், அங்கே முடக்க வாய்ப்பு இருக்கிறது. அதனால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.
* ‘மீட்டுத் தருகிறேன்’ என்பவரை நம்பாதீர்கள். பணம் போனவர்களைத் தேடி வருவது இரண்டாவது மோசடி. முன்பணமோ, சீக்ரெட் வார்த்தைகளோ கேட்பார்கள்.

சட்டம் நமக்கு என்ன தருகிறது?

கிரிப்டோ லாபத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 30 சதவிகித வரி. 2022 ஜூலை முதல் பரிமாற்றத்துக்கு ஒரு சதவிகித டி.டி.எஸ். ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொன்றில் வந்த லாபத்தில் கழிக்க முடியாது. 2023 மார்ச் முதல் எக்ஸ்சேஞ்சுகள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்திருக்கின்றன. ஆனால், தவறான திரையைக் காட்டினால் யார் பொறுப்பு, ஒப்புதல் கேட்கும் முன் என்னென்ன விவரம் காட்ட வேண்டும் என்பதற்கு, யு.பி.ஐ-க்கு இருப்பதுபோல் இங்கே விதிகள் இல்லை.

ஒரு நல்ல தொடக்கம் சென்னையிலிருந்து வந்திருக்கிறது. வசீர்எக்ஸில் 3,532 எக்ஸ்.ஆர்.பி காயின்கள் முடங்கிப்போன ஒருவர், சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அளித்த தீர்ப்பு, கிரிப்டோ கரன்சி என்பது ‘சொத்து’ என்று தெளிவாகச் சொன்னது. அதை ஒருவர் வைத்திருக்கலாம், அனுபவிக்கலாம், அவருக்காக இன்னொருவர் பொறுப்பில் வைத்திருக்கவும் முடியும் என்றது. திருடப்பட்டவை வேறு வகை டோக்கன்கள், மனுதாரரின் காயின்கள் அவற்றில் இல்லை என்பதையும் கவனத்தில் எடுத்துக்கொண்டு, அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு அளித்தது.

சொத்து என்று ஆகிவிட்டது. ஆனாலும், திருட்டை நிரூபித்து மீட்பது நீண்ட பயணம்தான். கொங்கு மக்கள் மறக்க முடியாத திருப்பூர் பாசி நிதி நிறுவன மோசடி 2009-ல் வெடித்தது. இயக்குநர்கள் இருவருக்கு கோவை சிறப்பு நீதிமன்றம் 27 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது 2022 ஆகஸ்டில். அங்கே அலுவலகம் இருந்தது, இயக்குநர்கள் இருந்தார்கள், கையெழுத்துப் போட்ட காகிதம் இருந்தது. அப்படியும் 13 ஆண்டுகள். முகமே இல்லாத ஒரு 42 எழுத்து முகவரியின் மீது வழக்கு நடத்துவது எவ்வளவு கடினம் என்று சொல்லத் தேவையில்லை.

அதனால், இன்றைய நிலையில் பாதுகாப்பு என்பது பெரும்பாலும் அந்தக் கடைசி நொடியில்தான் இருக்கிறது. இன்று இரவே உங்கள் வாலட்டையோ, உங்கள் பிள்ளையின் வாலட்டையோ திறந்து, இதுவரை யாருக்கெல்லாம் பவர் கொடுத்திருக்கிறீர்கள் என்று அந்தப் பட்டியலை ஒருமுறை பாருங்கள். எப்போதோ கொடுத்து மறந்துபோன ‘அன்லிமிடெட்’ ஏதாவது அதில் இருந்தால், நாளை வரை காத்திருக்க வேண்டாம். உடனே ரத்து செய்துவிடுங்கள்.